ஜெர்மன் குரலுக்கு என்ன விலை?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றி விடுதியோ யோகா வகுப்போ ஆயுர்வேத நிலையமோ நடத்துகிறவர்களுக்கு ஜெர்மன்காரர்கள் புதியவர்கள் அல்ல. இந்த உறவுக்கு வயது அதிகம். ஹைன்ரிஷ் ஸிம்மர் என்ற ஜெர்மன் இந்தியவியலாளர் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகம், அவர் இறந்த மறு வருடம், 1944-ல், உளவியலாளர் கார்ல் யுங்கின் முன்னுரையோடு ஸூரிச்சில் வெளிவந்தது. பின்னாளில் லூசி கார்னெல்சன் என்ற ஜெர்மன் அம்மையார் இங்கேயே வந்து தங்கி ரமணரின் எழுத்துகளை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அந்தக் காலத்தில் எல்லாம் அச்சு. இப்போது வருகிறவர்கள் காதில் ஹெட்போனோடு வருகிறார்கள். கிரிவலப் பாதைக்கு ஜெர்மனில் ஓர் ஆடியோ வழிகாட்டி செய்தால் என்ன, விடுதிக்கு இரண்டு நிமிட வீடியோ எடுத்து ஜெர்மன் குரல் சேர்த்தால் என்ன, ஆன்லைன் தியான வகுப்பை ஜெர்மனிலும் கொடுத்தால் என்ன என்று இங்கே தொழில் செய்கிறவர்கள் யோசிப்பது இயல்பு. யோசித்தவுடன் கேட்கிற முதல் கேள்வி: “நிமிஷத்துக்கு எவ்வளவு?”

ஜெர்மனியில் இந்தக் கேள்வியைக் கேட்டால், பதிலுக்கு அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “எங்கே ஒலிக்கப் போகிறது?” அது மழுப்பல் இல்லை. அந்த ஊரில் குரலுக்கு விலை போடும் முறையே அதுதான்.

ஒரே குரல், ஒரே முப்பது வினாடி வாசிப்பு. அது உங்கள் விடுதியின் இணையதளத்தில் மட்டும் இருந்தால் ஒரு விலை. அதையே யூடியூபில் காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால் வேறு விலை. ஜெர்மனி முழுக்கத் தொலைக்காட்சியில் போட்டால் இன்னொரு விலை. வாசித்த நேரம் எல்லாவற்றுக்கும் அதே அரை நிமிஷம்தான். ஆக, கட்டணத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, மைக் முன்னால் நின்று வாசித்துக் கொடுக்கும் வேலைக்கான கூலி. இன்னொன்று, அந்தக் குரலைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்கான தொகை. வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கும் கிரயம் பண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். குரல் விஷயத்தில் ஏறக்குறைய எல்லாமே வாடகைதான். எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை வருடம் என்று மூன்றையும் பேசித்தான் வாடகை முடிவாகும். எல்லாப் பயன்பாட்டுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்து முடிப்பதை ‘பைஅவுட்’ என்கிறார்கள். அந்த வார்த்தையை மட்டும் பில்லில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. எதற்கெல்லாம் பைஅவுட் என்று விவரம் எழுதியிருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஜெர்மன் குரல் கலைஞர்களுக்குச் சங்கம் உண்டு. அதன் பெயர் சுருக்கமாக ‘ஃபாவ் டே எஸ்’. அந்தச் சங்கம் ‘காகன்கொம்பஸ்’ என்ற கட்டண வழிகாட்டியை வெளியிடுகிறது. சட்டம் அல்ல, சிபாரிசுதான். ஆனாலும் தொழிலில் இருக்கிறவர்கள் பேரம் தொடங்குவது அங்கிருந்துதான். யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு உத்தேசமாகப் பார்ப்போம். காசு கட்டி ஓட்டாத, சொந்த இணையதளத்திலும் சொந்த யூடியூப் சேனலிலும் மட்டும் கிடக்கும் இரண்டு நிமிட நிறுவன வீடியோவுக்கு 350 யூரோவைச் சுற்றி, அதாவது 35,000 ரூபாய். நாடு முழுக்க ஒரு வருடம் ஓடும் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றுக்கு 600 யூரோவைச் சுற்றி. இது ஒரு விளம்பரத்துக்கு, ஒரு ஊடகத்துக்கு, ஒரு வருடத்துக்கு. வானொலிக்கும் வேண்டும் என்றால் தனி. இரண்டாம் வருடம் வேண்டும் என்றால் தனி. ஆஸ்திரியாவையும் ஸ்விட்சர்லாந்தையும் சேர்த்தால் அதற்கும் தனி. அதே விளம்பரத்தைப் பத்து வினாடிக்குச் சுருக்கி, நினைவூட்டலாக ஓட்டினால் அதற்கும் ஒரு தொகை உண்டு, கொஞ்சம் குறைவாக.

இதெல்லாம் ஊரில் பெயர் தெரிந்த குரலுக்கு அல்ல, சாதாரணத் தொழில்முறைக் குரலுக்கு. பெயர் தெரிந்தவர்கள் கதை வேறு. கமலுக்குத் தெலுங்கில் எஸ்.பி.பி. குரல் கொடுத்தது நமக்குத் தெரியும். ஜெர்மனியில் ஹாலிவுட் நடிகர்கள் பெரும்பாலோருக்கும் அப்படி நிலையான குரல் இருக்கிறது. ராபர்ட் டி நீரோ என்றால் கிறிஸ்டியன் ப்ரூக்னர். ப்ரூஸ் வில்லிஸ் என்றால் மான்ஃப்ரெட் லேமன். அவர்களிடம் விளம்பரத்துக்குப் போனால் வழிகாட்டிப் புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

சினிமா டப்பிங்குக்குக் கணக்கே தனி. அங்கே நிமிஷமும் இல்லை, ஊடகமும் இல்லை. வசனத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ‘டேக்’ என்று எண்ணுகிறார்கள். ஸ்டூடியோவுக்கு வந்ததற்கு ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் ஒரு டேக்குக்குச் சில யூரோ. ஒரு நாளில் எத்தனை டேக் முடிக்கிறார் என்பதைப் பொறுத்துச் சம்பளம். உதடு அசைவுக்கு வசனம் பொருந்த வேண்டும் என்பதால் வேகம் குறைவு, செலவு அதிகம். உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது. சுவாமிஜி ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார் என்றால், அவர் குரல் முதலில் ஓரிரு வினாடி கேட்டுவிட்டு அடியில் இறங்கும், மேலே ஜெர்மன் குரல் ஓடும். ஆவணப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுதான் வாய்ஸ் ஓவர். கொட்டேஷன் கேட்கும்போது ‘டப்பிங்’ என்று எழுதிவிட்டால் தேவையில்லாமல் பெரிய தொகை வந்து நிற்கும்.

உரிமைக்குத் தனி விலை என்பதை ஜெர்மன் சட்டமும் தாங்கிப் பிடிக்கிறது. காப்புரிமையை அங்கே முழுசாக விற்க முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் கொடுக்க முடியும். கொடுத்த தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்றும், படைப்பு எதிர்பாராத அளவுக்குச் சம்பாதித்துவிட்டால் மேற்கொண்டு பங்கு கேட்கலாம் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ முதல் மூன்று படங்களில் ஜானி டெப்புக்கு ஜெர்மன் குரல் கொடுத்தவர் மார்கஸ் ஆஃப். படங்கள் உலகமெங்கும் வசூலைக் குவித்த பிறகு, தனக்குத் தந்தது போதாது என்று வழக்குப் போட்டார். முக்கியப் பாத்திரத்தின் குரலைச் சில்லறைப் பங்களிப்பு என்று தள்ளிவிட முடியாது என்று 2012-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-ல் பெர்லின் மேல்நீதிமன்றம் அவருக்குச் சுமார் 1,80,000 யூரோ கொடுக்கச் சொன்னது. கிரிவல வழிகாட்டிக்கு அப்படி வழக்கு வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஜெர்மன் குரல் கலைஞர் உங்களிடம் ‘எங்கே ஒலிக்கும்’ என்று துருவித் துருவிக் கேட்டால் அதை அவருடைய வீம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள். இந்திரலிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்றால் 16 நிமிடம். முன்னுரைக்கும், மலையைப் பற்றியும் ரமணரைப் பற்றியும் சொல்வதற்கும் ஒரு நாலு நிமிடம். ஆக 20 நிமிட ஒலிப்பதிவு. நிதானமான ஜெர்மன் வாசிப்பில் நிமிடத்துக்கு 120 முதல் 130 சொற்கள் போகும். அப்படியானால் ஜெர்மன் ஸ்கிரிப்ட் சுமார் 2,500 சொற்கள். ஒருவர் முதல் ஐந்து நிமிடத்துக்கு 350 யூரோ, அதற்கு மேல் ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் 90 யூரோ என்று கொட்டேஷன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் என் உதாரணம்தான்). 350-உம் மூன்று 90-உம் சேர்ந்து 620 யூரோ, 62,000 ரூபாய். முதல் நிமிடங்கள் விலையாகவும் பிந்தைய நிமிடங்கள் மலிவாகவும் இருப்பதைக் கவனியுங்கள். ஸ்டூடியோவைத் திறப்பது, ஸ்கிரிப்டைப் படித்துத் தயாராவது, முதல் மாதிரி அனுப்புவது எல்லாம் இரண்டு நிமிட வேலைக்கும் உண்டு, இருபது நிமிட வேலைக்கும் உண்டு. அதனால்தான் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைக்கிறார்கள். இந்த மாதம் அக்னி லிங்கம், அடுத்த மாதம் யமலிங்கம் என்று பிரித்துக் கொடுத்தால் எட்டு தடவை குறைந்தபட்சக் கட்டணம் கட்டுவீர்கள். மொத்தமாக எழுதி முடித்து ஒரே தடவையில் கொடுங்கள்.

இதில் மொழிபெயர்ப்பு சேராது. அது வேறு ஆளின் வேலை, வேறு பில். மொழிபெயர்த்தால் நீளமும் கூடும். ஆங்கிலத்தை விட ஜெர்மன் சாதாரணமாக அதிக இடம் பிடிக்கும். ஆங்கிலக் குரலுக்கு வெட்டிய இரண்டு நிமிட வீடியோவில் ஜெர்மனை அப்படியே கொட்டினால், பாவம், வாசிக்கிறவர் மூச்சு விடாமல் ஓட வேண்டியிருக்கும். ஒன்று வாசகத்தைக் குறைக்க வேண்டும், இல்லை படத்தை நீட்ட வேண்டும். இதைப் பதிவுக்குப் பிறகு கண்டுபிடித்தால் இரண்டாவது தடவை வாசிக்கச் சொல்வீர்கள், அதற்குக் காசு கேட்பார்.

ரீடேக் விஷயத்தில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. வாசித்தவர் தப்பாக வாசித்திருந்தால் திருத்தம் இலவசம். நீங்கள் ஸ்கிரிப்டை மாற்றினால் கட்டணம். இந்த ஊரில் அடிக்கடி சிக்குவது இரண்டுக்கும் நடுவில்: பெயர் உச்சரிப்பு. ஆங்கில எழுத்தில் எழுதிய ‘அருணாசலா’வை ஜெர்மன்காரர் பார்த்தால் ‘அருணாகலா’ என்று தொண்டையிலிருந்து காறி எடுப்பார், அந்த எழுத்துக் கூட்டுக்கு அவர் மொழியில் ஒலி அப்படி. ‘ஜெயந்தி’ என்று நாம் எழுதுவதை ‘யெயந்தி’ என்பார். இது வாசித்தவர் தப்பா, எழுதிக் கொடுத்தவர் தப்பா? சண்டை வேண்டாம். ஸ்கிரிப்டில் வரும் அத்தனை பெயர்களையும், அண்ணாமலையார், உண்ணாமுலையம்மன், விரூபாக்ஷ குகை, கந்தாசிரமம், சேஷாத்ரி சுவாமிகள் என்று ஒன்று விடாமல், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிதானமாகச் சொல்லி மொபைலில் பதிந்து ஸ்கிரிப்டோடு அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பதிவில் அண்ணாமலையார் பெயர் சிதையாமல் வர இதைவிட மலிவான வழி கிடையாது.

தியான ஒலிப்பதிவில் இன்னொரு சங்கதி. “மூச்சைக் கவனியுங்கள்” என்று சொல்லிவிட்டு அரை நிமிடம் மௌனம். இருபது நிமிடத்தில் பேச்சு எட்டு நிமிடம்கூட இருக்காது. இதற்கு நிமிடக் கணக்கு பேசினால் மௌனத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள் (ரமணரின் ஊரில் அது பொருத்தமான செலவுதான் என்றாலும்). பேச்சை மட்டும் பதிந்து வாங்கி, இடைவெளிகளை இங்கே எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்குச் சொல் கணக்கு வசதி. ஆனால் எந்த மொழியின் சொல் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழைப் போலவே ஜெர்மனும் சொற்களை ஒட்டி நீளமாக்குகிற மொழி. ஆங்கில ஸ்கிரிப்டின் சொல் எண்ணிக்கையும் ஜெர்மன் ஸ்கிரிப்டின் சொல் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது.

எங்கே தேடுவது? ம்யூனிக்கில் ஆர்மின் ஹியர்ஸ்டெட்டர் என்பவர் தொடங்கிய ‘போடால்கோ’ என்ற தளத்தில் குரல் கலைஞர்கள் மாதிரிகளோடு இருக்கிறார்கள். வேலையைச் சொன்னால் விலையோடு பதில் வரும். ‘ஃபைவர்’ போன்ற தளங்களில் பளிச்சென்று சின்னத் தொகை தெரியும். அதை நம்பி உள்ளே போனால் வணிக உரிமைக்கு ஒரு கட்டணம், ஒளிபரப்பு உரிமைக்கு ஒரு கட்டணம், படத்தோடு பொருத்துவதற்கு ஒரு கட்டணம், அவசரத்துக்கு ஒரு கட்டணம் என்று கடைசியில் பில் நீளும். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஜெர்மன் வழிகாட்டி எதைப் பிரித்துப் பிரித்து எழுதுகிறதோ அதையே இங்கே டிக் அடிக்கச் சொல்கிறார்கள். விடுதி வீடியோவுக்கு வணிக உரிமை டிக் கட்டாயம் வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்த யோசனை வேறு. ஜெர்மனியில் ஈழத் தமிழர்களின் இரண்டாம் தலைமுறை வளர்ந்து நிற்கிறது. 2002-ல் கும்பாபிஷேகம் கண்ட ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேரோட்டத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் தாய்மொழி மாதிரி, வீட்டில் தமிழ். அவர்களில் தொழில்முறைக் குரல் கிடைத்தால் ‘அருணாசலம்’ என்று திருத்தமாகவும் வரும், ஜெர்மன் காதுக்கு உறுத்தாமலும் இருக்கும். விலை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். தமிழர் என்பதற்காகத் தள்ளுபடி கேட்பது அழகல்ல.

இந்தப் பகுதியில் பலருக்கும் முதலில் தோன்றும் வழி இதெல்லாம் இல்லை. “மாடியறையில் ஒரு ஜெர்மன் அம்மா மூணு மாசமாத் தங்கியிருக்காங்க, நல்ல குரல், அவங்களையே வாசிக்கச் சொல்லி ஏதாவது கொடுத்துடலாமே.” வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பணம் வாங்காமல் குறுகிய காலத் தொண்டு செய்யலாம், அதற்கும் ஒரு மாத வரம்பு உண்டு. அறை வாடகையில் கழித்துக்கொள்வதும் கைம்மாறுதான். வெளிநாட்டு விருந்தினருக்கு சி படிவம் போட்டுப் பழகிய விடுதிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு, தன் வீட்டிலிருந்து பதிந்து பில் அனுப்பினால் அது வேறு விஷயம். அன்பாக வாசித்துத் தந்தாலும், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மொட்டை மாடி அறையில் பதிந்தால் ஆசிரமத்து மயில்களும் செங்கம் சாலை பஸ் ஹார்னும் இலவசமாகச் சேர்ந்துகொள்ளும். எடிட்டரால் மயிலை எடுக்க முடியாது.

ஜெர்மனியிலிருந்து பில் வந்தால் வரி எப்படி? அங்கே உள்ளூர் வாடிக்கையாளருக்கு 19 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி போடுவார்கள். இந்திய நிறுவனத்துக்கு அனுப்பும் பில்லில் அது வராது. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், வெளிநாட்டுச் சேவையை இறக்குமதி செய்ததாகக் கணக்கு வைத்து 18 சதவீதத்தைத் தாங்களே கட்ட வேண்டும். பணம் அனுப்பும்போது வங்கி வருமான வரிப் படிவம் கேட்கும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தலைவலி இல்லை.

கடைசியாக, எந்திரக் குரல். கம்ப்யூட்டர் ஜெர்மன் இப்போது நன்றாகவே பேசுகிறது, செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். “அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்” என்கிற தொலைபேசி அறிவிப்புக்கு அது போதும். வீடியோ நீளம் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பார்க்கவும் மிக உபயோகம். கிரிவல வழிகாட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெயர்களில் சறுக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் கேட்டால் ஒரே தாளம். ஒரு குறிப்பிட்ட மனிதரின் குரலைப் போலச் செய்வதோ ஆபத்து. மான்ஃப்ரெட் லேமனின் குரலை எந்திரத்தில் வார்த்துத் தன் வீடியோக்களில் ஓட்டிய ஒரு யூடியூப்காரர், உரிமம் வாங்கியிருந்தால் என்ன கொடுத்திருப்பாரோ அந்தத் தொகையாக 4,000 யூரோ தர வேண்டும் என்று 2025-ல் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கேயும் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை எந்திரத்தில் நகலெடுப்பதற்கு 2024-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடை போட்டது. அதே வருடம் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் எந்திரத்தில் மீட்டெடுத்த ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். வாசிப்பவரே இல்லாத இடத்திலும் பயன்பாட்டுக்கு விலை இருக்கிறது.

ஆகவே கொட்டேஷன் கேட்டு எழுதும் முதல் மெயிலிலேயே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்: ஜெர்மன் ஸ்கிரிப்ட் எத்தனை சொல், எங்கே ஒலிக்கும், காசு கட்டி விளம்பரமாக ஓடுமா ஓடாதா, எத்தனை வருடம், படத்தோடு பொருத்த வேண்டுமா, எந்த ஃபைல் வேண்டும் (வீடியோ என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கேளுங்கள்), என்றைக்கு வேண்டும். வாசித்துக் காட்டுவதற்கு உங்கள் ஸ்கிரிப்டிலிருந்தே இரண்டு வரி அனுப்புங்கள், அதில் ‘அருணாசலம்’ இருக்கட்டும். விளம்பரமாக ஓட்டும் எண்ணம் இப்போது இல்லாவிட்டால் அதற்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். பின்னால் வேண்டுமானால் என்ன தொகை என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.